மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்

ஜனவரி 6

என் கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை, முழங்கால் மட்டும் வழக்கம்போல வம்பு பண்ணுது. நீ எப்படி இருக்கே? மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இருமல் குறைஞ்சுதா?

போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு கேப்பே. போன்ல நான் நாலு வார்த்தை பேசறதுக்குள்ள "அம்மா, கடையில கஸ்டமர் நிக்கறாங்க, அப்புறம் பேசறேன்"னு வெச்சுடறே. லெட்டரை அப்படி வெக்க முடியாது. வெச்சாலும் அங்கேயே கிடந்து உன்னை முறைச்சுட்டு இருக்கும்.

விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை, டிசம்பர் கல்யாணத்துல சம்பந்தியாகப்போற இங்கிலீஷ்காரங்களோட முதல் தடவையா போன்ல பேசினேன். நீ ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல உக்காந்து மொழிபெயர்த்தே. நீ பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கரண்ட் போய் மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னேன். லிஃப்ட்காரர் பயத்துல மயக்கம் போட்டு விழ, நான் பிரசவ வலியோட அவருக்கு விசிறிவிட்ட கதை. அதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. நீ இங்கிலீஷ்ல சொன்னது ஒரே ஒரு வரி. அவங்க "ஓ, நைஸ்"னாங்க. என் லிஃப்ட் எங்கே போச்சு? மயக்கம் போட்ட மனுஷன் எங்கே போனார்? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனா நீளம் தெரியும்.

அதனால முடிவு பண்ணிட்டேன். இங்கிலீஷ் கத்துக்கப் போறேன். எங்க தகன மையத்துல பதிவு எழுதற மேடம்கிட்ட ஒரு பழைய புத்தகம் இருக்கு, இங்கிலீஷ்காரங்க பேச்சுல அடிக்கடி வர்ற மரபுத்தொடர் எல்லாம் அதுல இருக்கு. இலக்கணம் இந்த வயசுல எனக்கு ஏறாது. அவங்க எதைச் சொல்லிச் சிரிக்கிறாங்களோ அதை மட்டும் கத்துக்கறேன். உனக்குத்தான் தெரியுமே, உள்ளே உடல் எரிஞ்சு முடியற வரைக்கும் நான் தகன மேடையை விட்டு நகர முடியாது, ஒரு வாய் டீக்குக்கூட. அந்த நேரத்துல மேடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து படிச்சுக் காட்டுவாங்க.

'பீஸ் ஆஃப் கேக்'னா ரொம்ப சுலபம்னு அர்த்தமாம். சரியான்னு பார்த்துச் சொல்லு.

எப்பவும் உன் நினைப்போட,
அம்மா


ஜனவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்காலுக்கு நான் அனுப்பின பட்டையைக் கட்டிக்கோ, பீரோவுல பூட்டி வெக்காதே.

'பீஸ் ஆஃப் கேக்' சரிதான். ஆனா உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீ சிரிச்ச முகமா இருந்தா போதும், பேச்சை நான் பார்த்துக்கறேன்.

மாமா கொஞ்சம் 'அண்டர் த வெதர்'. உடம்பு லேசா சரியில்லைன்னு அர்த்தம். பயப்பட ஒண்ணுமில்லை. கல்யாணத்தை மட்டும் டிசம்பர்ல இருந்து செப்டம்பருக்கு மாத்தியிருக்கோம், எல்லாருக்கும் அதுதான் வசதி.

இன்னொண்ணு. இனிமே உங்க ஆபீஸ் கவர்ல லெட்டர் போடாதே. நான் மாப்பிள்ளை வீட்டு மாடி ரூம்லதானே வாடகைக்கு இருக்கேன். தபால் எல்லாம் இவங்க வாசல்லதான் விழுது, அத்தைதான் எடுத்துத் தராங்க. கடையில வேற கவர் வாங்கிக்கோ.

அன்புடன்,
உன் மகள்


பிப்ரவரி 11

கண்ணுக்கு,

நான் சௌக்கியம். பட்டை கட்டியிருக்கேன், நடக்கும்போது கீச்கீச்னு சத்தம் போடுது. நீ நேரத்துக்குச் சாப்பிடறியா?

வேற கவர் வாங்கிட்டேன். ரோஸ் கலர்தான் கிடைச்சுது. இந்த வயசுல யாருக்குக் காதல் கடிதம்னு போஸ்ட்மேன் பார்க்கறார். ஆபீஸ் கவர்ல என்ன குத்தம்னு எனக்குப் புரியலை. இத்தனை வருஷமா அதுலதானே போட்டேன்.

'அண்டர் த வெதர்' புத்தகத்துல இருக்கு. சளி, காய்ச்சல் மாதிரி சில்லறை விஷயத்துக்குச் சொல்றதுன்னு போட்டிருக்கு. சளிக்கு யாராவது கல்யாணத்தை மூணு மாசம் முன்னாடி இழுப்பாங்களா? என் காதுல பூ சுத்தாதே.

சாவைப் பத்தி மட்டும் அந்தப் புத்தகத்துல ஒரு முழுப் பக்கம் இருக்கு. நம்ம டிபார்ட்மென்ட் ஆச்சே, விடுவேனா. 'கிக் த பக்கெட்'டாம். வாளியை எட்டி உதைக்கறது. சாகப்போறவன் எதுக்கு வாளியை உதைக்கணும்னு மேடத்தைக் கேட்டேன். "நாம மண்டையைப் போட்டுட்டான்னு சொல்றோமே, எங்கே கழட்டிப் போட்டான்?"னு திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நம்மகிட்டயும் பேப்பர்ல 'இயற்கை எய்தினார்', வீட்டுல 'போய்ச் சேர்ந்தார்', டீக்கடையில 'டிக்கெட் வாங்கிட்டார்'. செத்துட்டார்னு சொல்ல எல்லா ஊர்லயும் நாக்கு கூசுது போல. எனக்கு அந்தப் பக்கம் முழுக்க மனப்பாடம் ஆயிடுச்சு.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு. முழுசாச் சொல்லு.

அம்மா


மார்ச் 2

அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமான்னு கேக்கற மனநிலையில நான் இல்லை, இருந்தாலும் கேக்கறேன்.

நேத்து நீ பண்ணது உனக்கே நல்லா இருக்கா? மாமாவுக்கு மறுநாள் காலையில ஆபரேஷன். நலம் விசாரிக்கத்தான் போன் போட்டுக் கொடுத்தேன். நீ என்னைத் தாண்டி நேரா அவர்கிட்ட "சார், பிரேக் எ லெக்"குன்னுட்டே. அது நாடக நடிகருங்க மேடை ஏறும்போது சொல்ற வாழ்த்தும்மா. காலை உடைச்சுக்கோங்கன்னு, போன வருஷம் இடுப்பு உடைஞ்சு படுத்திருந்த மனுஷன்கிட்டச் சொன்னா எப்படி இருக்கும்? அத்தை மூஞ்சியைப் பார்க்க முடியலை.

இனிமே தயவுசெஞ்சு நேரா பேசாதே. என் வழியாப் பேசு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

மகள்


மார்ச் 17

கண்ணுக்கு,

நான் கல்லு மாதிரி இருக்கேன். மாமா வீட்டுக்கு வந்துட்டாரா? புண் ஆறுதா?

தப்பாச் சொன்னது தப்புதான். புத்தகத்துல 'வாழ்த்து'ன்னு மட்டும் இருந்துது, யாருக்குன்னு மேடம் படிக்கலை. அதுக்கு அவங்களை ஒரு பிடி பிடிச்சுட்டேன்.

ஆனா அவர் சிரிச்சது எனக்குக் கேட்டுது. அதை நீ எழுதலை பார்த்தியா? இருமி இருமிச் சிரிச்சார். உங்க அம்மா மறுபடி எப்போ பேசுவாங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டாராம். அதையும் நீ எழுதலை. மாப்பிள்ளைதான் போன்ல ஏதோ மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினார். தமிழ் கோணல்மாணலா இருந்தாலும் அந்த மெஷின் முழுசா மொழிபெயர்க்குது.

உன் வழியாப் பேச மாட்டேன். உன் வழி ரொம்பக் குறுகல்.

அம்மா


ஏப்ரல் 20

கண்ணுக்கு,

நலம். நலமா?

ஞாயித்துக்கிழமை பேசினதைப் பத்தி நீ எழுதுவேன்னு பார்த்தேன். எழுதலை. நானே எழுதறேன்.

மாமா அவரே சொன்னார், "கிக் த பக்கெட்" பண்றதுக்கு முன்னாடி இந்தக் கல்யாணத்தைப் பார்த்துடணும்னு. எல்லாரும் "டாட், ப்ளீஸ்"னு பதறினீங்க. எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்துது, ஏன்னா எனக்குப் புரிஞ்சுது. எங்க ஊர்ல மண்டையைக் கீழே போடுவோம்னு என் இங்கிலீஷ்ல சொன்னேன். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். இத்தனை நாளா அந்த வார்த்தையைச் சொல்ல விடாம எல்லாரும் சேர்ந்து அவர் வாயைப் பொத்தியிருக்கீங்கன்னு அப்போதான் தெரிஞ்சுது.

அப்புறம் கேட்டார், "வாட் டூ யூ டூ, மேடம்?" என்ன வேலை பார்க்கறீங்கன்னு என்னைத்தான் கேட்டார். நான் மூச்சு இழுக்கறதுக்குள்ள நீ முந்திக்கிட்டே. "மதர் ஹேஸ் எ டெஸ்க் ஜாப்."

டெஸ்க் ஜாப். மேஜை நாற்காலி வேலை. அது எங்க பதிவு மேடத்தோட வேலை. என் வேலையில நாற்காலியே கிடையாது. அங்கேயே உடைச்சுச் சொல்லியிருப்பேன். உன் குரல் நடுங்கினது கேட்டுது, அதனால மென்னு முழுங்கினேன். அவங்க முன்னாடி உன்னைப் பொய்க்காரி ஆக்க மனசு வரலை. ரோஸ் கவர் ஏன்னும் இப்போ புரிஞ்சுடுச்சு.

புத்தகத்துல ஒண்ணு இருக்கு. வெளியில தெரியாம ஒரு குடும்பம் மறைச்சு வெச்சிருக்கற விஷயத்தை அலமாரிக்குள்ள இருக்கற எலும்புக்கூடும்பாங்களாம். நாள் முழுக்க எலும்பைக் கூட்டி அள்ளிக் கொடுக்கறவ நான். என் அலமாரியில நாலு சேலைதான் இருக்கு. உன் அலமாரியைத் திறந்தா அம்மா நிக்கறேன்.

பதில் எழுது.

அம்மா


ஜூன் 3

அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? நான் இருக்கேன்.

எழுதக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போ எழுதறேன், கோவிச்சுக்கோ.

ரெண்டாம் கிளாஸ்ல என் பெஞ்சுல பக்கத்து இடம் எப்பவும் காலியா இருக்கும். சுடுகாட்டுக்காரி பொண்ணுன்னு யாரும் உக்கார மாட்டாங்க. உனக்குத் தெரிஞ்சதும் வேலை யூனிஃபார்மோட பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரோட சண்டை போட்டே. அந்தக் காலி இடத்துல அன்னிக்குப் பூரா நீயே உக்காந்தே. சின்ன பெஞ்சு, உன் முழங்கால் முட்டிச்சு. நீ ஜெயிச்சுட்டுப் போயிட்டே. மறுநாள் நான் தனியாத்தானேம்மா போனேன்.

இந்த ஊர்லதான் முதல் தடவையா யாரும் என்னைப் பார்த்து ஒதுங்கலை. மாப்பிள்ளைக்குக்கூட நான் சொன்னதில்லை. உன்னை நினைச்சு வெக்கமான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். பயம். உனக்குப் பயம்னா என்னன்னு தெரியாது, அதனால புரியாது.

விட்டுடும்மா. கல்யாணம் முடியட்டும்.

மகள்


ஜூன் 16

கண்ணுக்கு,

நான் சுகம். நீ இளைச்சுட்டேன்னு மாப்பிள்ளையோட மெஷின் சொல்லுது. சாப்பிடு.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். மறுநாளைப் பத்தி எழுதியிருந்தியே, அது நெஞ்சுல குத்துது. நான் யோசிக்கலை, சரி.

அதுக்காக நான் நாற்காலி வேலைக்காரி ஆயிட முடியாது. உன்னைப் பார்த்து ஒதுங்கினது அவங்க அசிங்கம். அதை நாம எதுக்குத் தலையில தூக்கிட்டு ஊர் ஊராப் போகணும்? "இந்த வேலையா, நானா?"ன்னு உங்க அப்பா கேட்டப்போ, வேலைன்னு சொன்னவ நான். மாசாமாசம் அந்த வேலைதான் நமக்குச் சோறு போட்டுது. அவர் எங்கே இருக்கார்னே தெரியாது.

மாமாவுக்குப் பதிலா வேற யார் கேட்டிருந்தாலும் ஒரு கல்யாணத்துக்காக வாயை மூடியிருப்பேனோ என்னவோ. ஆனா அந்த மனுஷன் கேட்டார். ஊரே சாவைப் பூசி மெழுகும்போது சாவைச் சாவுன்னு பேச ஆள் தேடி என்னைக் கேட்டார். அவர்கிட்டப் பொய் சொல்றதுக்கு எனக்கு நாக்கு வராது. அடுத்த தடவை பேசும்போது சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டா உனக்கு நல்லது.

அம்மா


ஜூலை 2

அம்மா,

போன்ல அழுகைதான் வந்துது, வேற எதுவும் சொல்ல முடியலை. அதனால எழுதறேன்.

மாமாவுக்கு டாக்டர் நாள் குறிச்சுட்டார்னு எங்களுக்கு ஜனவரியிலேயே தெரியும். உன்கிட்ட எழுத மனசு வரலை. ஆபரேஷனும் வலியைக் குறைக்கத்தான். போன வாரம் புதன்கிழமை காலையில போயிட்டார்.

வியாழக்கிழமை இந்த ஊர் தகன மையத்துக்குக் கொண்டு போனோம். ஒரு ஹால், வரிசையா நாற்காலி, மெல்லிசா ஏதோ பாட்டு. பெட்டிக்கு முன்னாடி திரையை மூடினதும் எங்களைக் கிளம்பச் சொல்லிட்டாங்க. வெளியில வந்தா நல்ல வெயில். அத்தை மட்டும் கார்ல ஏறாம நின்னுட்டே இருந்தாங்க.

அதுல இருந்து அவங்க யாரோடயும் பேசறதில்லை. வர்றவங்க எல்லாரும் "ஹி இஸ் இன் எ பெட்டர் ப்ளேஸ்"னு சொல்றாங்க. அதைக் கேட்டதும் எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறாங்க.

அவங்க கொஞ்சம் தேறினதும் போன் போட்டுத் தரேன். வழக்கமா சொல்ற ரெண்டு வார்த்தை சொல்லு, போதும். உன் வேலையைப் பத்தி மட்டும் இப்போ வேண்டாம். உன் கால்ல விழறேன்.

மகள்


ஜூலை 13

கண்ணுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கோ. அவங்களுக்கு ஒரு வாய் கஞ்சியாவது கொடு.

உன் போன் வந்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லை. முகம் பார்க்காத ஒரு மனுஷனுக்காக மேடைக்கிட்ட நின்னு அழுதேன். சுத்தி இருந்தவங்க அவங்க வீட்டுச் சாவுக்கு அழறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. கோபமும் வருது. அவர் ஒரு கேள்வி கேட்டார், பதில் தெரியாமலே போயிட்டார். அதை உன் தலையில நான் போடலை. ஆனா அது நடந்துடுச்சு.

'பெட்டர் ப்ளேஸ்'னா நல்ல இடம்னு மேடம் சொன்னாங்க. எந்த இடம்னு அவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

போன் போடு. நான்தான் பேசுவேன், நீ மொழிபெயர்க்கக் கூடாது. புத்தகத்துல இருந்து ஒரு வார்த்தைகூட எடுக்க மாட்டேன். இதுக்கு மேல கால்ல விழுந்தாலும் இதுதான்.

அம்மா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அத்தை இன்னிக்குக் காலையில தானா எழுந்து குளிச்சாங்க.

அன்னிக்கு நீ பேசி முடிச்சதும் போனைக் கட் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் நீ பண்ணின எந்த போனையும் எடுக்கலை. இந்தப் பக்கம் என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. முழுசாச் சொல்றேன். ஒரு வரியையும் விடலை.

நீ எடுத்த எடுப்புல "ஐ பர்ன் டெட் பீப்பிள். திஸ் மை ஜாப். நோ டெஸ்க்"குன்னே. மாப்பிள்ளை என்னையே பார்த்தார். அத்தையோட தங்கச்சி எழுந்து வந்து போனைப் பிடுங்கப் பார்த்தாங்க. அப்போ அத்தை கையை நீட்டித் தடுத்துட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. ஒரு மாசமாப் பேசாதவங்க பேசினாங்க. வேகமாப் பேசினதால உனக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கும். அவங்க சொன்னது இது:

"திரையை மூடினதும் எங்களைப் போகச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் தனியா இருந்தாரா? நாப்பது வருஷம் ஒருநாள்கூட நான் அவரைத் தனியா விட்டதில்லை. அன்னிக்கே இதைக் கேட்டேன், எல்லாரும் நல்ல இடத்துல இருக்கார்னுட்டாங்க. நான் கேட்டது அது இல்லை."

உனக்கு என்ன புரிஞ்சுதோ தெரியாது, ஆனா நீ சரியா அதுக்குத்தான் பதில் சொன்னே. "நோ அலோன். ஒன் பர்சன் ஸ்டாண்ட். லைக் மீ. ஃபுல் டைம் ஸ்டாண்ட். நோ போன். நோ டீ."

அத்தை "நோ டீ?"ன்னு கேட்டாங்க. நீ கண்டிப்பான குரல்ல "நோ டீ"ன்னே. அவங்க சிரிச்சுட்டாங்கம்மா. சிரிச்சுக்கிட்டே அழ ஆரம்பிச்சவங்க ராத்திரி வரைக்கும் நிறுத்தலை. மறுநாள் அந்தத் தகன மையத்துக்குப் போய், அன்னிக்கு வேலையில இருந்தவரைப் பார்த்துக் கை குலுக்கிட்டு வந்தாங்க. நானும் கூடப் போனேன். அவர் வயசானவர், உன் மாதிரியே முழங்காலைப் பிடிச்சுட்டு நடந்தார்.

மாப்பிள்ளை ரெண்டு நாள் என்னோட பேசலை. உன் வேலைக்காக இல்லை, நான் மறைச்சதுக்காக. ஏன் பொய் சொன்னேன்னு அத்தையும் கேட்டாங்க. பெஞ்சுக் கதையைச் சொன்னேன். சாப்பிடும்போது எப்பவும் எதிர்ல உக்காருவாங்க. அன்னிக்குத் தட்டை எடுத்துட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

கல்யாணம் அதே செப்டம்பர்ல, சின்னதா. உனக்கு டிக்கெட் அனுப்பியிருக்கேன். அந்த லிஃப்ட் கதையில நான் எதையோ விட்டுட்டேன்னு அத்தைக்கு அப்போவே சந்தேகமாம். இப்போ சொல்லட்டுமான்னு கேட்டேன். நீ வேண்டாம், அவங்களே வந்து சொல்லட்டும்னுட்டாங்க.

அம்மா, மாமா கேட்ட கேள்விக்குப் பதிலை அவர் போட்டோ முன்னாடி நின்னு நான் சொன்னேன். தமிழ்லதான் வந்துது.

உன் மகள்


ஆகஸ்ட் 19

என் கண்ணுக்கு,

நான் நல்லா இருக்கேன். அங்கே எல்லாரும் நல்லா இருக்கணும்.

ரெண்டு நாள் பேசாம இருந்தது நியாயம்தான். நானா இருந்தா நாலு நாள் இருந்திருப்பேன். மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு இருக்குன்னு தெரிஞ்சதுல எனக்குச் சந்தோஷம்.

லீவு சொல்லிட்டேன். மேடையை ஒரு வாரம் யார் பார்ப்பாங்கன்னு மேலதிகாரி கேட்டார். நிக்கத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துப் போடுங்கன்னேன். லிஃப்ட் கதையை மேடம்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிப் பழகிட்டு இருக்கேன். பிரசவ வலி வர்ற இடத்துல வார்த்தை கிடைக்கலைன்னா நடிச்சுக் காட்டிடுவேன். கல்யாணத்துல என் பக்கத்துல உக்காரு. நான் பேசும்போது குறுக்கே வராதே.

ரோஸ் கவர் மிச்சம் இருந்ததை மேடத்துக்குக் கொடுத்துட்டேன். இந்த லெட்டரை எங்க ஆபீஸ் கவர்லதான் போடறேன். தகன மையம்னு இங்கிலீஷ்லயும் பெரிசா அச்சடிச்சிருக்கு. உங்க வாசல்ல விழுந்தா சம்பந்தி அம்மாவே எடுக்கட்டும். யார் போட்டதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

அம்மா